ஒரு தொண்டை, இரண்டு மருந்து

ஏணியிலிருந்து கடைக்காரர் விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "அவருக்கு என்ன ஆச்சு, சொல்லித் தொலையுங்கள்" என்று கேட்டே இந்த ஏழு நாளில் என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். பயப்படாதீர்கள், எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் அவர் ஏன் விழுந்தார் என்பது வேறு கதை. மேல்தட்டில் இருந்த திப்பிலி டப்பாவை எடுக்க ஏணியில் கால் வைத்திருக்கிறார். தொடை இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அம்பது வயது கூட முழுசாக ஆகாத மனுஷனுக்கு ஏணி ஏற முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்களுடையது நாட்டு மருந்துக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. கடையின் பின்கட்டில் இடிப்பு அறை. அங்கே அக்கா ராஜ்யம். கடைக்காரரின் அக்கா. தாய் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று ஒரு கல்யாணத்தைக்கூட யோசிக்காதவள். வேரையும் பட்டையையும் உரலில் இடித்து, துணியில் சலித்து, பொட்டலம் கட்டுவாள். அந்தப் பொட்டலத்துக்கு முடிச்சே இருக்காது. நூலைக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிவிடுவாள். "மருந்து வாங்கறவனுக்குக் கை நடுங்கும். அவன்கிட்ட முடிச்சை அவிழ்னு சொல்லலாமா?" என்பது அவள் கட்சி.

முன்பக்கம், கண்ணாடி அலமாரி, கடைக்காரரின் மனைவி ராஜ்யம். அதே மூலிகைகளின் சாரத்தை அடைத்த கேப்சூல்கள், வரிசை வரிசையாகச் சீசாக்கள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் 'சீசாக்காரி'. அவள் அக்காவுக்கு வைத்த பெயர் 'உரல்'. இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான். நேரில் பார்த்தால் "அண்ணி சாப்பிட்டீங்களா?", "நீ சாப்பிட்டியாம்மா?" என்று தேன் ஒழுகும்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு தம்பி, ஒரே ஒரு புருஷன். அந்த ஆளுக்குத்தான் கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை, ஓயாத இருமல்.

விழுந்த மறுநாள் காலை, டாக்டரிடம் கிளம்புவதற்கு முன் சீசாக்காரி டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன, சர்க்கரையே போடலியா?"

"ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேங்க."

படியில் நின்றிருந்த அக்காவுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? "குடு இப்படி. அவனுக்கு எவ்வளவு இனிப்பு வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்று டம்ளரை வாங்கிப் போய், இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, தன் கையாலேயே கொடுத்தாள்.

அவர் குடித்தார். "இப்பவும் மண்ணு மாதிரிதான் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

சீசாக்காரி புடவைத் தலைப்பைச் சரிசெய்யும் சாக்கில் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அதை அக்கா பார்த்துவிட்டாள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். பிறகு கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றது.

"பிரஷர் இவ்வளவு இருக்கு. இதுக்கு முன்னாடி இருந்ததா?"

"இல்ல டாக்டர்."

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார் கடைக்காரர். சொல்லிவிட்டு "கொள், கொள்" என்று இருமினார்.

"கஷாயம், லேகியம், சத்து மாத்திரை எதுவும்?"

"மருந்துக் கடைக்காரன் மருந்து சாப்பிட்டா யாவாரம் என்ன ஆகறது டாக்டர்?"

வலது பக்கம் அக்கா, இடது பக்கம் சீசாக்காரி. இருவர் வாயிலும் பூட்டு. தினமும் விடிந்ததும் இடிப்பு அறையில் வைத்துத் தான் கொடுக்கும் கஷாயம் அக்காவின் கணக்கில் மருந்தே இல்லை, வளர்த்தவள் ஊட்டும் சோறு. மாடி அறையில் தான் கொடுக்கும் கேப்சூல் சீசாக்காரியின் கணக்கில் மருந்தே இல்லை, சீசா மேலேயே 'முற்றிலும் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே! தவிர, வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குச் செத்தே போகலாம் என்று நினைக்கிற ஜன்மங்கள் இரண்டும்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, பேனாவை மூடினார்.

"எனக்கு இது நல்லதா படல. காலுல நீர், தசையில பலமில்ல, பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருக்கு. இப்படியே போனா இதயத் துடிப்பு தடுமாறும். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துடும். அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். வேரோ இலையோ, வாயில போட்டது எதுவா இருந்தாலும் யோசிச்சு சொல்லுங்க. இயற்கைன்னா உடம்பை ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்காதீங்க. ஒண்ணும் பண்ணாட்டி அது எதுக்கு மருந்து?"

மூன்று பேரும் வீடு திரும்பினார்கள்.

அவரை மாடியில் படுக்க வைத்துவிட்டுக் கடையைத் திறந்தார்கள். திறந்த கையோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். முன்னால் நின்ற சீசாக்காரியைத் தாண்டிக் கழுத்தை நீட்டி, "அக்கா இருக்காங்களா?" என்றார். சீசாக்காரிக்கு வயிறு எரிந்தது. அவர் போனதும் ஒரு டைப்பிஸ்ட் பெண் வந்தாள். பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அக்காவைக் கண்டுகொள்ளாமல், "மேடம், போன தடவை குடுத்தீங்களே அந்த சீசா" என்றாள். இப்போது அக்காவின் முறை, அவளுக்கும் எரிந்தது. கடைக்காரர் எங்கே என்று வந்த இருவருமே கேட்கவில்லை.

மத்தியானம் வந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு சீசாக்காரி மாடி ஏறினாள். படியில் அவள் காலடிச் சத்தம் அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு, தன் வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று பெருமை பேசும் அந்தக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.

எந்தச் சீசா என்று அவளுக்குத் தெரியும். அதே சீசா தம்பியின் சட்டைப்பையில் கிலுகிலுவென்று ஆடுவதை எத்தனை நாள் கேட்டிருக்கிறாள்! 'குரல் காப்பான்' என்று பெயர். கீழே எறும்பு எழுத்தில் என்னென்னவோ. மூக்குக்கண்ணாடி பின்னால் இருக்கிறது. எழுத்தைப் படித்தா மருந்தை அறிய வேண்டும்? ஒரு கேப்சூலைப் பிளந்து தூளை நாக்கில் கொட்டிக்கொண்டாள்.

முதலில் லேசான கசப்பு. பிறகு இனிப்பு. சர்க்கரை மாதிரி வந்த உடனே ஓடிப்போகாமல், அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிற இனிப்பு.

அதிமதுரம்!

லேசுப்பட்ட வேரில்லை அது. அந்தக் காலத்தில் பாலைவனம் கடந்தவர்கள் தாகம் தெரியாமல் இருக்க இதை மென்றுகொண்டு நடந்தார்களாம். ராஜாவைப் புதைக்கும்போது கூடவே வைத்து அனுப்பிய தேசமும் உண்டு. பாடுகிறவர்கள், கூவி விற்கிறவர்கள், நாள் முழுக்கக் கத்திப் பாடம் சொல்கிறவர்கள் என்று தொண்டையை வைத்துப் பிழைக்கிற யாரும் இதை விட்டதில்லை. அளவோடு இருக்கும்வரை தங்கமான வேர். அளவு மீறி நாள்கணக்கில் உள்ளே போனால் உடம்பில் நீரைக் கட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தசையின் தெம்பை உருவிவிடும். பிரஷர் இருக்கிறவர் யாராவது கேட்டு வந்தால் அக்கா பொட்டலத்தைத் தரவே மாட்டாள். "உனக்கு இது ஆகாது, போ" என்று விரட்டிவிடுவாள்.

'மாட்டினாடி சீசாக்காரி!' என்று அக்காவின் மனசு துள்ளியது. நான் பொய் சொல்லப் போவதில்லை, அந்த நிமிஷத்தில் தம்பியின் வீங்கின கால் அவள் ஞாபகத்தில் இல்லை. டாக்டரம்மா முன்னால் இந்தச் சீசாவை எடுத்து வைக்கும்போது சீசாக்காரியின் முகம் போகப்போகிற போக்கு மட்டும்தான் கண்ணில் நின்றது.

சீசாவும் கையுமாக இடிப்பு அறைக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாடிக்குப் போன சீசாக்காரி பின்படி வழியாக இறங்கி வந்து, அடுப்பு மேல் இருந்த கஷாயப் பாத்திரத்துக்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பாத்திரத்துல உனக்கு என்னடி வேலை?"

கையும் களவுமாக மாட்டியவள் ஒரு கணம் வெலவெலத்தாள். அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டாள். "உங்க உதட்டுல என்ன அண்ணி, பழுப்பா தூள்?"

அக்கா உதட்டைத் துடைத்தாள். "உன் சீசாவோட லட்சணம். இதுல அதிமதுரம் போட்டிருக்கு. நீதான் அவனுக்கு இந்தக் கோலத்தைப் பண்ணியிருக்க!"

"அப்ப இது என்ன?" என்று சீசாக்காரி ஈர விரலை நீட்டினாள். "சுக்கு இருக்கு, ஆடாதோடை இருக்கு. ஆடாதோடை போட்ட கஷாயம் இப்படியா இனிக்கும்? எவ்வளவு போட்டீங்க அண்ணி?"

அக்கா பாத்திரத்தைத் தட்டால் மூடினாள்.

"சொல்லுங்க."

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து கசப்பு இறங்காது. அதான் ஒரு கை கூடப் போட்டேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். காலைல மட்டும்தான் குடுத்துட்டிருந்தேன். இந்த சீசா அவன் பையில ஆடற சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம்தான் சாயங்காலமும் ஒரு டம்ளர்..." அக்காவின் குரல் தேய்ந்தது. "என் கைமருந்தைக் குடிச்சுட்டு உன் மாத்திரையால நல்லாச்சுன்னு அவன் சொல்லிடக் கூடாதேன்னு."

சீசாக்காரி பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நானும்தான் அண்ணி. அவர் வாயில ஆடாதோடை வாசம் அடிச்சுது. நீங்கதான்னு புரிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து ரெட்டையா குடுத்தேன். சீசா மேலயே போட்டிருக்கான், பிரஷர் இருந்தா சாப்பிடாதே, ரொம்ப நாள் சாப்பிடாதேன்னு. வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் அதைப் படிச்சுக் காட்டித்தான் குடுப்பேன்."

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்கிற இரண்டு பேர், வீட்டு மனுஷன் ஒருத்தனுக்கு நாலு பேர் அளவு புகட்டியிருக்கிறார்கள். யார் மேல் பழி போடுவது? போட ஆளில்லை. உரலும் சீசாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அவன் ஏன்டி சொல்லல?" என்றாள் அக்கா கடைசியில்.

"நீங்க ஏன் சொல்லல? நான் ஏன் சொல்லல?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன் பண்ணு. டாக்டரம்மாகிட்ட சொல்லு. என் பேரையும் சேர்த்தே சொல்லு."

சீசாக்காரி போனை எடுத்தாள். "நான் குடுத்தேன் டாக்டர், அண்ணியும் குடுத்தாங்க" என்று அவள் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு அக்காவின் காது வரைக்கும் கேட்டது. இரண்டையும் இந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுகிறேன். அதுவரை மனுஷனை மாடியை விட்டு இறக்காதீர்கள். அது சரி, இருமல் இப்போது எப்படி இருக்கிறது?

"போய்ப் பாத்துட்டு சொல்றோம் டாக்டர்."

இருவரும் ஒன்றாகப் படி ஏறினார்கள். இந்த வீட்டில் அப்படி ஒரு காட்சி நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பாதிப் படியில் அக்கா சீசாக்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மேலே கடைக்காரர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வேர் அனுப்புகிற தரகர் போலிருக்கிறது.

"யோவ், ஈர வேரை மூட்டை கட்டி அனுப்பிட்டு காய்ஞ்சதுன்னு சொன்னா நம்பறதுக்கு நான் என்ன நேத்திக்கா கடை வச்சேன்? பூசணம் பிடிச்சிருக்கய்யா! திருப்பி எடுத்துட்டுப் போ!"

கணீரென்ற குரல். இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கதவைத் தள்ளினார்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்த அதிர்ச்சியில் போன் கட்டிலில் விழுந்தது. "கொள், கொள்" என்றார் கடைக்காரர்.

"போதும்டா" என்றாள் அக்கா. "ஆறி எத்தனை நாளாச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அங்கேயும் தப்பிக்க வழியில்லை.

"போன மாசமே" என்றார்.

"போன மாசமேவா!" சீசாக்காரி துண்டை எடுத்து அவர் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள். "ஆறின தொண்டைக்கு எதுக்குங்க இத்தனை மருந்து? ரெண்டு பக்கமும் வாங்கி வாங்கி முழுங்கினீங்களே, உசுரு போயிருந்தா?"

கடைக்காரர் கொட்டித் தீர்த்தார்.

"காலைல கடை திறந்தா 'அக்கா இருக்காங்களா'ன்னு ஒருத்தன். 'மேடம் இருக்காங்களா'ன்னு ஒருத்தி. நான் முன்னாடியேதான் நிக்கறேன், என் தலைக்கு மேல எட்டிப் பாக்கறாங்க. ஏணி ஏறி டப்பா எடுத்துக் குடுக்கறவன், அவ்வளவுதான் நான். வீட்டுக்குள்ள வந்தாலும் உனக்கு உன் சீசா, இவளுக்கு இவ உரல். இருமினேன். ரெண்டு பேரும் ஓடி வந்தீங்க. நெத்தியத் தொட்டுப் பாத்தீங்க. ராத்திரி எழுந்து வந்து மூச்சு சரியா வருதான்னு பாத்தீங்க. நின்னுடுச்சுன்னு சொன்னா மறுபடி உரலுக்கும் சீசாவுக்கும் போயிடுவீங்க. எனக்கு என்ன இருக்கு? பொறாமையா இருந்துது, போ."

கோபத்தில் யார் யாரென்று குழம்பி, உரலை மனைவிக்கும் சீசாவை அக்காவுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள். வீங்கிய கணுக்காலைத் தொட்டாள். டாக்டரம்மா அழுத்தின மாதிரியே விரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் நின்றது.

"எனக்கும் பொறாமைதான்டா. எங்கே இவகிட்ட உன்னை முழுசா விட்டுட வேண்டி வருமோன்னு. அந்தப் பொறாமைல ஒரு கை கூடப் போட்டேன். தூக்கி வளர்த்த கையால உன்னைக் கொன்னிருப்பேன்" என்று சொல்லி, சத்தமில்லாமல் அழுதாள்.

சீசாக்காரி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். "அண்ணி, என் கையும் சேர்ந்துதான்" என்றாள்.

இந்த இடத்தில் சுபம் போட்டிருப்பேன். போன் அடித்தது.

டாக்டரம்மா. ரிப்போர்ட் வந்துவிட்டது. பொட்டாசியம் குறைந்திருக்கிறது, அதிமதுரத்தின் வேலைதான், மருந்து எழுதித் தருகிறேன், மெல்ல மெல்லச் சரியாகிவிடும், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். சீசாக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் டாக்டரம்மா போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு. சர்க்கரை அளவு இருக்க வேண்டியதை விடக் கம்மியா இருக்கு. அதிமதுரம் இதைப் பண்ணாது. சர்க்கரையைக் குறைக்கறதுக்கு ஏதாவது குடுக்கறீங்களா?"

"நான் குடுக்கல டாக்டர்." சீசாக்காரி திரும்பினாள். "அண்ணி, சர்க்கரைக்கு..."

"நானும் குடுக்கல. அவனுக்கு ஏதுடி சர்க்கரை?" என்ற அக்கா சட்டென்று நிறுத்தினாள். அவள் கண்கள் சிறுத்தன. "காலைல டீயைக் குடிச்சுட்டு என்ன சொன்னான்?"

"சர்க்கரையே இல்லன்னார்."

"நான் போட்டப்புறம்?"

"மண்ணு மாதிரி இருக்குன்னார்."

"சிறுகுறிஞ்சான்" என்றாள் அக்கா. "சர்க்கரையைக் குறைக்கற இலை. அதை மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மண்ணுதான். நாம ரெண்டு பேரும் குடுக்கல. காலைல டீக்கு முன்னாடி எவளோ குடுத்த இலைய மென்னிருக்கான்."

"எவளோவா?"

அக்கா எழுந்து, கதவில் தொங்கிய அவருடைய சட்டைப்பையில் கையை விட்டாள். சீசாவுக்கு அடியில் சின்னதாக ஒரு பொட்டலம். உள்ளங்கையில் வைத்துச் சீசாக்காரிக்குக் காட்டினாள். காய்ந்த இலை வாசம் அடித்தது. நூலைச் சுற்றி, மேலே அழகாக, இறுக்கமாக, பூ மாதிரி ஒரு முடிச்சு.

"நம்ம கடையில முடிச்சு கிடையாது. இது வேற எவளோ கட்டிக் குடுத்தது" என்றாள் அக்கா.

இருவரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், "கொள், கொள்" என்று இருமினார்.

தண்ணீர் எடுத்து வர யாரும் ஓடவில்லை.

"அண்ணி" என்றாள் சீசாக்காரி, கண்ணை அவர் மேலிருந்து எடுக்காமல். "அந்தக் கதவைச் சாத்துங்க."

அக்கா சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.